அட்டைக் கிட்டாருக்கு எண்ணூறு டாலரா?

கேள்வி: 10 பிப்ரவரி 2024

டல்லாஸில் இருக்கிறேன். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம், தலையில் சில்வர்டோன் என்று எழுதிய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றைப் பார்த்தேன். அதை வைக்கும் பெட்டியிலேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அறுபது வருடப் பழசாம், எண்ணூறு டாலர் சொல்கிறார். தட்டிப் பார்த்தேன், உள்ளே காலி. நல்ல மரம்கூட இல்லை, அழுத்திய அட்டை. சியர்ஸ் கடைக்காரர்கள் பிள்ளைகளுக்காக விற்ற மலிவுச் சரக்கு என்கிறார்கள். விளையாட்டுச் சாமானுக்கு இந்த விலையா? பழசு என்ற பெயருக்குத்தானே காசு கேட்கிறார்கள்?

10 பிப்ரவரி, இரவு

விளையாட்டுச் சாமான் இல்லை, தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சில்வர்டோன் 1448 என்ற மாடலாக இருக்கலாம், இல்லையென்றால் 1449, அல்லது பின்னால் வந்த 1457. பிக்கப், அதாவது தந்தியின் அசைவைப் பிடிக்கும் காந்தச் சுருள், ஒன்றுதான் என்றால் 1448. இரண்டு இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. என்னிடம் 1448 இருக்கிறது. 2011-இல் நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு வாசலில் நடந்த கராஜ் சேலில் வாங்கினேன். வாரத்தில் நாலு நாளாவது கையில் எடுக்கிறேன். அதனால் நீளமாகவே எழுதுவேன்.

முதலில் அந்த அட்டை. மேசனைட் என்று பெயர். 1924-இல் மிசிசிப்பி மாநிலத்து லாரல் ஊரில் வில்லியம் மேசன் என்பவர் கண்டுபிடித்தது. மரச் சில்லுகளை நீராவியில் கடும் அழுத்தத்தில் வைத்துவிட்டு, சட்டென்று அழுத்தத்தைத் திறந்துவிட்டால் சில்லு வெடித்து நார் நாராகப் பிரியும். அந்த நாரைச் சூடாக அழுத்தினால், மரத்துக்குள்ளேயே இருக்கும் லிக்னின் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் பரீட்சைக்குக் கிளிப் மாட்டிக் கொண்டுபோவோமே, அந்த அட்டை இதே குடும்பம்தான்.

கிட்டாரில் என்ன செய்தார்கள் என்றால், சாதாரண மரத்தில் ஒரு சட்டம். அதற்கு மேலே ஒரு மேசனைட் பலகை, கீழே ஒரு பலகை. விளிம்பில் மரச்சட்டம் தெரியாதபடி சொரசொரப்பான வினைல் பட்டையைச் சுற்றி ஒட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் உடம்பு. என்னுடையது வீட்டுத் தராசில் இரண்டே கால் கிலோதான் வந்தது. ஆனால் இதைச் செய்தது சியர்ஸ் இல்லை. செய்தவர் நேதன் டேனியல். அவருடைய கம்பெனி டேன்எலக்ட்ரோ. அவரைப் பற்றி நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

11 பிப்ரவரி

நேதன் டேனியல் 1912-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் லிதுவேனியாவிலிருந்து வந்த யூதர்கள். 1930-களின் நடுவிலேயே எபிஃபோன் கம்பெனிக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். 1947-இல் நியூ ஜெர்சியின் ரெட் பேங்க் ஊரில் டேன்எலக்ட்ரோவைத் தொடங்கினார். தன் பெயரையும் எலக்ட்ரிக்கையும் சேர்த்து வைத்த பெயர். முதல் ஏழு வருடம் கிட்டாரே கிடையாது, ஆம்ப் மட்டும்தான். மான்ட்கோமரி வார்டு, சியர்ஸ் என்ற இரண்டு பெரிய தபால்வழிக் கடைகளுக்கும் அவர் ஆம்ப் செய்து அனுப்பினார். கிட்டார் 1954-இல்தான் வந்தது.

இந்த வரிசை முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஃபெண்டர் கம்பெனியைத் தவிர அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள் பெரும்பாலும் மரவேலையிலிருந்து வந்தவர்கள். வயலின், மேன்டலின், அப்புறம் கிட்டார். டேனியல் மின்சாரத்திலிருந்து வந்தவர். எலக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அசைவைக் காந்தமும் சுருளும்தான் பிடிக்கின்றன. உடம்பின் வேலை தந்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அப்படிப் பார்ப்பவருக்கு, வரிவரியாக ரேகை ஓடும் மேப்பிள் மரத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று தோன்றாதா? அவர் உடம்பில் சிக்கனம் செய்தார், பளபளப்பில் சிக்கனம் செய்தார். காதுக்குப் போகும் வழியில் கை வைக்கவில்லை.

விலையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1448-இன் விலை 67 டாலர் 95 சென்ட். கிட்டார், பெட்டி, ஆம்ப் எல்லாம் சேர்த்து. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் 1954-இல் வந்தபோதே ட்ரெமோலோவோடு (தந்திகளை அசைக்கும் கைப்பிடி) 249 டாலர் 50 சென்ட். அதில் ஆம்ப் கிடையாது. அப்பாவிடம் கேட்டு வாங்கும் பதினான்கு வயதுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

11 பிப்ரவரி, மாலை

இன்னொன்று. கிட்டாரின் நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு குழாய் தெரியும், இரண்டு முனையும் உருண்டையாக. அதுதான் பிக்கப். லிப்ஸ்டிக் குழாய் என்றே பெயர், காரணம் அது நிஜமாகவே லிப்ஸ்டிக் குழாய். உதட்டுச் சாயக் கம்பெனிகளுக்குக் குழாய் செய்து கொடுப்பவரிடமே டேனியல் வாங்கினார். உள்ளே ஆல்னிகோ என்ற உலோகக் கலவையில் ஒரு காந்தக் கட்டை. அதன்மேலேயே நேரடியாகக் கம்பியைச் சுற்றி, டேப் ஒட்டிக் குழாய்க்குள் தள்ளிவிடுவார்கள். உலோகக் கூடு என்பதால் வெளி இரைச்சல் உள்ளே வருவதும் குறையும். முலாமும் ஏற்கெனவே போட்டிருக்கும். புதிதாக அச்சு செய்து, வார்த்து, பாலிஷ் போட எவ்வளவு செலவாகும்! அந்தச் செலவு முழுக்க மிச்சம்.

சத்தம் எப்படி என்று கேட்டால், மணி அடிப்பதுபோல என்றுதான் சொல்ல வருகிறது. கூர்மை இருக்கும், குத்தாது. கொஞ்சம் வெற்றிடம் கலந்த சத்தம்.

13 பிப்ரவரி

"சில்வர்டோன் கம்பெனி இப்போதும் இருக்கிறதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் முதல் குறிப்பு அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். சில்வர்டோன் ஒரு கம்பெனியே கிடையாது. சிகாகோவின் சியர்ஸ் ரோபக் தன் சரக்குக்கு வைத்த பெயர். முதலில் கிராமஃபோனுக்கு, பிறகு ரேடியோவுக்கு. வாத்தியங்களை அப்போது சூப்பர்டோன் என்று விற்றார்கள். 1940-களின் தொடக்கத்திலிருந்துதான் கிட்டாருக்கும் சில்வர்டோன்.

சியர்ஸ் பெரும்பாலும் தானே செய்யாது, கொடுத்துச் செய்ய வைக்கும். சிகாகோவின் ஹார்மனி தொழிற்சாலையை 1916-இல் வாங்கி 1940 வரை வைத்திருந்தது, அதற்குப் பிறகும் அவர்களிடம் சரக்கு எடுத்தது. கே கம்பெனியிடமும் எடுத்தது. நியூ ஜெர்சியில் டேன்எலக்ட்ரோ. அறுபதுகளின் பின்பாதியில் ஜப்பானின் டெய்ஸ்கோவிடமிருந்தும் வந்தது. எல்லாவற்றின் தலையிலும் ஒரே பெயர்.

ஆகவே தம்பி, வெறும் சில்வர்டோன் என்ற எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹார்மனி செய்ததும் நல்ல வாத்தியமே, ஆனால் அது வேறு வாத்தியம். லிப்ஸ்டிக் குழாயும் விளிம்பில் வினைல் பட்டையும் இருந்தால் டேன்எலக்ட்ரோ.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எத்தனையோ பிள்ளைகள் டேனியல் செய்த கிட்டாரில் முதல் கார்டு (ஸ்வரக் கூட்டு) பிடித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த பெயர் சியர்ஸ். தன் சொந்தப் பெயரிலும் அவர் கடைகளுக்கு விற்றார்தான். ஆனால் கேட்லாக் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தவற்றில் அவர் பெயர் எங்கும் இல்லை.

17 பிப்ரவரி, சனி

இன்று கிட்டாரைப் பிரித்தேன். தம்பிக்கு உதவும் என்று ஆரம்பித்து, எனக்கே ஒரு திருத்தம் கிடைத்தது.

எனக்கு விற்ற அம்மாவுக்கு அப்போது எழுபது வயது இருக்கும். தன் தம்பிக்கு அப்பா 1962 கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தது என்றார். இரண்டு மாதம் வாசித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டானாம். பெட்டியின் கைப்பிடி அறுந்து, துணி காயப்போடும் கயிறு கட்டியிருந்தது. எண்பது டாலர் கொடுத்தேன். இத்தனை வருடமும் என்னுடையது 1962 மாடல் என்றே எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் எண் அடித்திருப்பார்கள். 304-6314. இதைப் படிப்பது சுலபம். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, 63. கடைசி இரண்டு வாரம், 14. அதாவது 1963 ஏப்ரல் வாக்கில் செய்த பாகம். ஏப்ரல் 1963-இல் செய்த பாகம் 1962 கிறிஸ்துமஸ் பரிசுக்குள் எப்படிப் போகும்? ஈயம் வைத்த இடமெல்லாம் பழைய மங்கலோடு அப்படியே இருக்கிறது, யாரும் மாற்றின அடையாளம் இல்லை. ஆக, 1963 கிறிஸ்துமஸாக இருக்க வேண்டும். அந்த அம்மாவின் நினைவில் ஒரு வருடம் நகர்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த எண் பாகத்தின் தேதி, கிட்டாரின் தேதி இல்லை. இதற்கு முன்னால் செய்திருக்க முடியாது என்று மட்டும்தான் சொல்லலாம். பாகம் அலமாரியில் எத்தனை மாதம் கிடந்ததோ!

18 பிப்ரவரி

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். தம்பி, அந்த ஆம்பைச் சுவரில் செருகாதீர்கள். விற்பவர் "வேலை செய்கிறது பாருங்கள்" என்று செருகிக் காட்டினாலும் நீங்கள் தந்தியில் கை வைக்காதீர்கள்.

அந்தக் காலத்து ஆம்புகளில் இரண்டு முனை பிளக்தான் இருக்கும், பூமி இணைப்பு கிடையாது. பலவற்றில் மின்கம்பியிலிருந்து உலோகக் கூட்டுக்கு ஒரு கப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், இரைச்சலைக் குறைக்க. அது அறுபது வருடத்தில் பழுதானால் வீட்டு மின்சாரம் கூட்டுக்கு வரும். கூட்டிலிருந்து கேபிள் வழியாகத் தந்திக்கு வரும். தந்தியில் உங்கள் கை இருக்கும். இன்னும் மலிவான சில ஆம்புகளில் பவர் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, மின்சாரம் நேராக உள்ளே போகும்.

எனக்கு நடந்தது. வாங்கின வாரம், வீட்டின் அடித்தளத்தில், சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று வாசித்தேன். இடது கை தந்தியில். வலது கையால் பக்கத்திலிருந்த இரும்பு விளக்கைத் தள்ளப் போனேன். முழங்கை வரை சுண்டி இழுத்தது. அரை மணி நேரம் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றே மூடி வைத்தேன்.

பிறகு ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்து மூன்று முனை பிளக் போட்டு, அந்தக் கப்பாசிட்டரை எடுத்து, காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களை மாற்றினேன். வேலை சுத்தம். ஆனால் கழற்றிய பழைய வால்வுகளை (ஆம்பின் கண்ணாடிக் குழாய்கள்) திருப்பித் தரவில்லை, கேட்டபோது குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். இன்றும் அது மனசில் இருக்கிறது. நீங்கள் கொடுத்தால், கழற்றும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லி முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே திறக்க வேண்டாம், செருகியை எடுத்த பிறகும் உள்ளே மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

24 பிப்ரவரி, சனி

இந்த இழையில் எழுத ஆரம்பித்ததிலிருந்து மனசு அங்கேயே இருந்தது. டேனியல் கடை போட்ட ரெட் பேங்க், நான் இருக்கும் எடிசன் ஊரிலிருந்து ரொம்பத் தூரமும் இல்லை. இன்று கிளம்பிப் போய்விட்டேன்.

ரெட் பேங்க் நேவசிங்க் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். ஜாஸ் மேதை கவுண்ட் பேஸி பிறந்த ஊர், அவர் பெயரில் அரங்கம் இருக்கிறது. பக்கத்திலேயே ஃபோர்ட் மன்மத். 2011-இல் மூடப்படும்வரை ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவுக்குப் பெரிய இடம். இரண்டாம் உலகப் போரின்போது டேனியல் அங்கே சிவிலியன் வடிவமைப்பாளராக வேலை செய்தார். ராணுவ மோட்டார் சைக்கிளின் இன்ஜின் ஏற்படுத்தும் மின் இரைச்சல் ரேடியோவைக் கெடுக்கும் பிரச்சினைக்கு எளிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். போர் முடிந்ததும் அதே பக்கத்திலேயே கடை போட்டுவிட்டார். இரைச்சலைத் தடுப்பது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது கிட்டாரைத் திறந்தால் தெரியும். எனக்கு இன்று அந்தச் சாலையில் வண்டி ஓட்டும்போதுதான் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. மோட்டார் சைக்கிளில் கற்றதை லிப்ஸ்டிக் குழாயில் செய்திருக்கிறார்.

1950-களின் கடைசியில் தொழிற்சாலை தெற்கே நெப்டியூனுக்குப் போனது, ஆஸ்பரி பார்க்குக்கு ஒட்டினாற்போல. அங்கேயும் போனேன். நான் சுற்றிய தெருக்களில் டேன்எலக்ட்ரோ என்று எழுதிய எதுவும் கண்ணில் படவில்லை. கடற்கரையில் குளிர் தாங்கவில்லை. காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். என் கிட்டார் செய்யப்பட்ட ஊரில் ஒரு மணி நேரம் இருந்தேன், அது போதும்.

25 பிப்ரவரி

மிசிசாகாவிலிருந்து எழுதும் அண்ணன் நான் புகழ்ந்து தள்ளுகிறேன் என்கிறார். "காதுக்குப் போகும் வழியில் கை வைக்கவில்லை" என்ற என் வரியைப் பிடித்துக்கொண்டு, "பிரிட்ஜைப் பற்றி ஏன் பேசவில்லை" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அண்ணா, ஒத்துக்கொள்கிறேன்.

பிரிட்ஜ், அதாவது தந்திகள் அடிப்பக்கம் உட்காரும் இடம், ஒரு தகடு, மூன்று திருகு, மேலே ஒரு சின்ன ரோஸ்வுட் துண்டு. ஆறு தந்திக்கும் ஒரே துண்டு. ஒவ்வொரு தந்திக்கும் நீளத்தைத் தனியாகச் சரிசெய்ய வழியில்லை. துண்டைச் சாய்த்து வைத்து ஒரு மாதிரி சமாதானம் செய்யலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) மேலே போனால் என்னுடையதில் மூன்றாவது தந்தி கொஞ்சம் மேலே நிற்கும். என் மகளுக்கு வயலின் காது. அவளுக்கு அது பொறுக்காது.

நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, அதுவும் அப்படித்தான். உள்ளே இரும்புச் சட்டங்கள் வைத்திருக்கிறார்கள், வளையாது என்ற நம்பிக்கையில். திருகித் திருத்தும் கம்பி கிடையாது. வளைந்துவிட்டால் வளைந்ததுதான். 1448-இல் ஃப்ரெட்டும் பதினெட்டுதான், மேல் ஸ்தாயிக்கு ஆசைப்பட முடியாது. மேசனைட்டுக்குத் தண்ணீர் ஆகாது. ஈரமான அடித்தளத்தில் கிடந்தால் ஓரம் ஊதிப் பணியாரம்போல ஆகிவிடும். தம்பி, வாங்கும்போது விளிம்புப் பட்டையை விரலால் தடவிப் பாருங்கள். எங்கேயாவது உப்பலாக இருந்தால் வேண்டாம்.

ஆக, காதுக்குப் போகும் வழியிலும் இரண்டு இடத்தில் கை வைத்திருக்கிறார். அந்த வரியை அழிக்காமல் விடுகிறேன், இதையும் சேர்த்துப் படிக்கவும். தந்திகள் தலைப்பக்கம் உட்காரும் துண்டு மட்டும் அலுமினியம். மற்றவர்கள் எலும்போ பிளாஸ்டிக்கோ போட்ட இடம். எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாமல் தந்தியை மீட்டும்போது ஒரு பளிச்சென்ற ஒலி வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2 மார்ச்

யார் யார் வாசித்தார்கள் என்று ஒருவர் பட்டியல் கேட்டார். பட்டியல் போடப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்த மூவரைச் சொல்கிறேன்.

ராக் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ். அவருடைய முதல் எலக்ட்ரிக் கிட்டார் சுப்ரோ என்ற பெயரில் வந்த ஒன்று, அது திருட்டுப் போனது. அடுத்து வந்தது டேன்எலக்ட்ரோ செய்த ஒரு சில்வர்டோன். அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து பெட்டி ஜீன் என்று பெயர் வைத்தார். 1961-இல் ராணுவத்தில் சேர்ந்து ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமில் இருந்தபோது, அப்பாவுக்குக் கடிதம் எழுதி அந்தக் கிட்டாரை வரவழைத்துக்கொண்டார். அந்த வயதில் அவர் கையில் இருந்தது அட்டைக் கிட்டார்தான்.

லெட் செப்பெலின் ராக் குழுவின் ஜிம்மி பேஜ் கதை வேறு. அவர் எதை வேண்டுமானாலும் வாங்கக்கூடிய நிலைக்கு வந்த பிறகும், தந்திகளை வேறு மாதிரி சுருதி சேர்த்து வாசிக்கும் உருப்படிகளுக்கு மேடையில் கறுப்பு வெள்ளை டேன்எலக்ட்ரோ 3021-ஐத்தான் எடுத்தார். காசில்லாமல் வாங்குவது ஒன்று. காசிருந்தும் எடுப்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பெரிய சாட்சி.

ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வானின் வெள்ளை ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம்) ஒன்றிலும் லிப்ஸ்டிக் குழாய்தான். உடம்பு ஸ்ட்ராட், பிக்கப் மட்டும் இது.

9 மார்ச்

இவ்வளவு எழுதியும் பெரிய ஆம்புகளைத் தொடவே இல்லை. டேனியலின் முதல் காதல் ஆம்ப் என்பதால் அது சரியில்லை.

1963 வாக்கில் வந்த வரிசை இது. 1481 சின்னது, எட்டு அங்குல ஸ்பீக்கர். 1482-இல் பன்னிரண்டு அங்குலம், இரண்டு 6வி6 வால்வு, சத்தத்தை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ. 1484-இல் இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், இரண்டு 6எல்6 வால்வு, எதிரொலி கூட்டும் ரிவெர்ப், ட்ரெமோலோ. ஆம்பின் தலைப்பெட்டியைக் கழற்றி ஸ்பீக்கர் பெட்டியின் உள்ளேயே செருகிவைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம், அதற்கென்று இடம் விட்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே 1485. ஆறு பத்து அங்குல ஸ்பீக்கர், நாலு 6எல்6. ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் ராக் குழுவின் ஜாக் ஒயிட் மேடையில் வைத்திருந்தது இதுதான்.

நண்பர் ஒருவரிடம் 1484 இருக்கிறது. நேற்று இரவு என் 1448-ஐ அதில் போட்டு இரண்டு மணி நேரம் வாசித்தோம். குறைந்த வால்யூமில் சுத்தமாக, கொஞ்சம் மொத்தையாக இருக்கும். பாதிக்கு மேலே திருப்பினால் ஓரம் கிழிய ஆரம்பிக்கும், முரட்டுத் துணி கிழிகிற மாதிரி. ஃபெண்டர் ஆம்ப் அந்த இடத்தில் இன்னும் நிமிர்ந்து நிற்கும். இதில் டிரான்ஸ்ஃபார்மர் சின்னது, அதனால் சீக்கிரம் மூச்சு வாங்கும். 1963-இல் வாங்கியவர்கள் அதைக் குறை என்றார்கள். எழுபது எண்பதுகளில் அடகுக்கடையில் மலிவாகக் கிடைத்தபோது வாங்கிய இளைஞர்களுக்கு அந்தக் கிழிசலே பிடித்துப்போனது.

இதிலும் சிக்கனம் பெட்டியில்தான். மரத்தூள் அழுத்திய பலகை. நண்பருடைய பெட்டியின் ஒரு மூலை உதிர்ந்து, தூள் தரையில் கொட்டுகிறது. அவர் பெருக்கிவிட்டு மறுபடி வாசிக்கிறார்.

10 மார்ச்

முடிவு எப்படி என்று கேட்டார்கள். 1966-இல் டேனியல் கம்பெனியை எம்சிஏவுக்கு விற்றார், பாட்டுத் தட்டும் சினிமாவும் நடத்திய பெரிய நிறுவனம். அவர்கள் கோரல் என்ற புதுப் பெயரில் சில மாடல் விட்டார்கள். அதில் ஒன்று நமக்கு ரொம்ப நெருக்கமானது, 1967-இல் வந்த எலக்ட்ரிக் சிதார். நியூயார்க்கின் ஸ்டுடியோ கிட்டார் கலைஞர் வின்சென்ட் பெல்லோடு சேர்ந்து செய்தது. கிட்டார் தெரிந்தவர் சிதார் கற்காமலே அந்தச் சத்தத்தை எடுக்க ஒரு வழி. பக்கத்தில் பதின்மூன்று அனுதாபத் தந்திகள் இருக்கும். ஆனால் வேலையைச் செய்வது பிரிட்ஜ். தந்தி கூர்மையான விளிம்பில் உட்காராமல், சப்பையான பரப்பில் லேசாக உரசிக்கொண்டு அதிரும். வீணையின் குதிரையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு, தம்புராவில் தந்திக்கடியில் நூல் வைத்து நாதம் கூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு முறை பாஸ்டனில் ஒரு கடையில் ஐந்து நிமிடம் வாசிக்கக் கிடைத்தது. மோகனத்தில் நாலு ஸ்வரம் பிடித்துப் பார்த்தேன். சிதார் என்று ஏமாற முடியாது. ஆனால் அந்த இரீங்காரம் நிஜம்.

1969-இல் எம்சிஏ தொழிற்சாலையை மூடிவிட்டது. சியர்ஸும் 1972 வாக்கில் சில்வர்டோன் பெயரை நிறுத்தியது. டேனியல் பின்னாளில் ஹவாய்க்குப் போய், வேகமாகப் போகும் கப்பல் வடிவமைப்பில் இறங்கினார். 1994-இல் அங்கேயே காலமானார். 1990-களின் பிற்பகுதியில் வேறொரு நிறுவனம் டேன்எலக்ட்ரோ பெயரை வாங்கி, பழைய வடிவங்களை மேசனைட்டிலேயே கொரியாவில் செய்து விற்க ஆரம்பித்தது. அதை அவர் பார்க்கவில்லை. நாலைந்து வருடம் இருந்திருக்கலாம் அந்த மனிதர்.

16 மார்ச்

தம்பி தனியாகக் கேட்டதற்கு இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். வாசிக்க மட்டும் வேண்டும் என்றால் மறுபதிப்பு டேன்எலக்ட்ரோ வாங்குங்கள். பிரிட்ஜும் நெக்கும் திருத்தக்கூடியதாக வரும் மாடல் உண்டு. என் நண்பரிடம் இரண்டு பிக்கப் வைத்தது ஒன்று இருக்கிறது. ஸ்விட்சை நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் தொடராக இணைந்து சத்தம் எகிறும். மற்ற கிட்டாரில் நடுவில் வைத்தால் குறையும், இதில் கூடும். அதுவும் டேனியல் வைத்த இணைப்புத்தான், பழையதிலும் அப்படியே.

பழையது வேண்டும் என்று மனசு சொன்னால், ஆம்ப் பெட்டியோடு முழுதாக இருக்கிறதா பாருங்கள். கிட்டார் ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமும் போய்விட்டவை நிறைய. எண்ணூறு என்பதைப் பேசிக் குறைக்கலாம், பிளக் மாற்றும் செலவைக் காட்டியே குறைக்கலாம். நான் எண்பதுக்கு வாங்கியதை வைத்து ஒப்பிட வேண்டாம். அந்த அம்மாவுக்கு அதன் விலை தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. தெரிந்த பிறகு ஒரு கிறிஸ்துமஸ் சமயம் அவர் வீட்டுக்குப் போனேன், வீடு கைமாறியிருந்தது.

6 ஏப்ரல்

தம்பி அறுநூற்று ஐம்பதுக்கு வாங்கிவிட்டார். 1448-தான். நேற்று படம் அனுப்பினார். விளிம்புப் பட்டை ஒரு இடத்தில் பிரிந்திருக்கிறது, உப்பல் இல்லை. லிப்ஸ்டிக் குழாய் முலாம் உரியாமல் இருக்கிறது. ஆம்பை ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்திருக்கிறார், கழற்றுவதை எல்லாம் பையில் போட்டுத் தரும்படி எழுதி வாங்கியிருக்கிறார்.

வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள எண்ணையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். 304-6314. என்னுடையதும் அவருடையதும் ஒரே வாரத்துப் பாகம். நெப்டியூனில் ஒரே பெட்டியிலிருந்துகூட எடுத்து ஈயம் வைத்திருப்பார்கள்.